எடைச் சீட்டு யார் கையில்?

கனடாவில் கஞ்சா பயிரிட உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்கள், சென்ற மாதத்துக் கணக்கை இந்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அந்நாட்டு மத்திய சுகாதாரத் துறையின் இணையப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். எத்தனை செடி நின்றது, எத்தனை வெட்டப்பட்டது, காய்ந்த பூ எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது, எவ்வளவு விற்றது, எவ்வளவு அழிக்கப்பட்டது என எல்லாம் அதில் வர வேண்டும். ஒன்டாரியோவில் அப்படி ஒரு நிறுவனத்தின் தர உறுதிப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிக்குத் தெற்கே, பனங்காடு போய்க் கடலில் முடிகிற இடம். செய்த வேலையைப் பற்றி ஊரில் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும். சிலர் பேச்சையே மாற்றிவிடுவார்கள்.

அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் மாவட்டச் செய்திகளில் அடிக்கடி இடம்பிடிப்பது இந்தச் சரக்குதான். வேதாளைக் கரையில் மூட்டை, தங்கச்சிமடத்தில் கார், தனுஷ்கோடிக்கு அப்பால் ஃபைபர் படகு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது சாலை வழியாக இங்கே வந்து, மன்னார் பக்கமும் யாழ்ப்பாணம் பக்கமும் போகிறது. அக்கரையில் இறங்கியதும் அதற்குக் 'கேரளக் கஞ்சா' என்று பெயர். மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிற்கிறது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கியூ பிரிவு, சுங்கத்துறை எல்லாம் ரோந்து போகின்றன. அகப்படுகிறவர்கள் பெரும்பாலும் படகோட்டிகளும் மூட்டை தூக்கியவர்களும்தான். 20 கிலோவைத் தாண்டினால் சட்டத்தின் கணக்கில் வணிக அளவு. குற்றம் நிரூபணமானால் 10 முதல் 20 ஆண்டுகள் சிறை. கூலிக்குப் படகு ஓட்டிய பையனுக்கும் அதே பிரிவுதான்.

"அங்கே சட்டப்படி விற்கலாமாமே, அப்படியானால் யார் வேண்டுமானாலும் வளர்க்கலாமா?" என்று ஊரில் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். விற்பதற்காக அப்படி வளர்க்க முடியாது. 2018 அக்டோபர் 17 அன்று கனடாவின் கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது திறந்துவிடப்பட்ட கதவு மிகவும் குறுகலானது. நிறுவனத்தின் இயக்குநர்கள், பாதுகாப்புத் தலைவர், பயிர்த் தலைவர், தர உறுதிப் பொறுப்பாளர் ஆகியோருக்குக் காவல்துறைச் சரிபார்ப்புடன் கூடிய பாதுகாப்பு அனுமதி வேண்டும். செடி நிற்கிற அறைகளின் வாசல்களிலும் சரக்கு வைக்கிற அறைகளிலும் கேமரா. எந்த அறையில் எந்த வேலை நடக்கும் என்பது வரைபடத்தில் குறித்து ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். பொட்டலத்தில் பகட்டான நிறமோ படமோ கூடாது. குழந்தை கையால் திறக்க முடியாத மூடி, மஞ்சள் கட்டத்துக்குள் உடல்நல எச்சரிக்கை, அந்தந்த மாகாணத்துக்கான ஆயத்தீர்வை முத்திரை எல்லாம் இருந்தால்தான் கடைக்குப் போகும். 2019 தொடக்கத்திலிருந்து பூச்சிமருந்துப் பரிசோதனையும் கட்டாயம்.

இதையெல்லாம் பட்டியலாகச் சொல்லிவிடலாம். இந்தத் தொழிலின் உயிர் இருப்பது எடையில். அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

அறுவடை நாளில் முதல் வேலை தராசைச் சரிபார்ப்பது. சான்று பெற்ற எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்து, தராசு காட்டும் எண்ணைப் பதிவேட்டில் எழுதுவோம். எழுதியவர் ஒரு கையெழுத்து, பார்த்தவர் ஒரு கையெழுத்து. அதற்குப் பிறகே கத்தரிக்கோலைத் தொடலாம். வெட்டிய செடிகள் தொகுதி எண்ணோடு தராசில் ஏறி, ஈர எடை பதிவாகி, காயும் அறைக்குப் போகும். இருட்டில், குளிர்ந்த காற்றில், ஏறக்குறைய இரண்டு வாரம் தலைகீழாகத் தொங்கும். வெளியே வரும்போது கால் பங்கு எடை மிஞ்சினாலே அதிகம். மீதியெல்லாம் தண்ணீராகப் போயிருக்கும்.

திருட நினைப்பவனுக்கு இந்த இடம் போதும். நூறு கிலோ ஈரப் பூ காய்ந்து இருபத்துமூன்று கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இருபத்தொன்று என்று எழுதிவிட்டால், மீதி இரண்டு கிலோ காற்றில் போய்விட்டதாகச் சாதித்துவிடலாம். பூட்டை உடைக்கவும் வேண்டாம், கேமராவை மறைக்கவும் வேண்டாம். அதனால்தான் காயும் அறையின் ஈரப்பத அளவு நாள் முழுவதும் பதிவாகும். அந்த ரகம் முந்தைய அறுவடைகளில் எவ்வளவு நின்றது என்ற வரலாறு பக்கத்தில் இருக்கும். தண்டுக்குத் தனி எடை, கழித்த இலைக்குத் தனி எடை. பூவை நறுக்குபவரின் கையுறையில் ஒரு மணி நேரத்துக்குள் பழுப்புப் பிசின் ஏறி, விரலும் விரலும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் அறையில் அந்தக் கையுறையைக் குப்பைக் கூடையில் போட முடியாது. அதற்கென்று ஒரு தொட்டி. அந்தத் தொட்டியும் தராசில் ஏறும்.

அழிப்பது இன்னும் கடினமான வேலை. பூசணம் பிடித்த பூ, கழித்த இலை, தரத்தில் தேறாத தொகுதி என எதையும் அப்படியே வெளியே வீசிவிடக் கூடாது. நான் இருந்த காலத்து விதிப்படி, தகுதி பெற்ற இரண்டு சாட்சிகள் நிற்க வேண்டும். அழிப்பதற்கு முன் எடை, அழித்த முறை, இடம், தேதி, சாட்சிகளின் பெயர், கையெழுத்து எல்லாம் பதிவாக வேண்டும். அரைத்து, மீட்டெடுக்க முடியாதபடி வேறு பொருளோடு கலந்த பிறகே வண்டியில் ஏறும். சரக்கு காணாமல் போனதாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கும், 10 நாளுக்குள் எழுத்தில் அமைச்சகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இதைத் தாண்டி ஏமாற்றியவர்களும் இல்லாமல் இல்லை. ஒன்டாரியோவின் பெல்ஹாம் ஊரில் கேன்ட்ரஸ்ட் நிறுவனம் உரிமம் கிடைக்காத ஐந்து அறைகளில் பயிரிட்டது 2019 ஜூலையில் வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. பெரிய பங்குச் சந்தை நிறுவனம் என்பதால் யாரும் விட்டுவைக்கவில்லை.

இவையெல்லாம் உரிமம் பெற்றவரைக் கட்டும் கயிறுகள். சோதிக்க வருபவரைக் கட்டும் கயிறும் அங்கே உண்டு. நான் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்வதற்காகத்தான்.

ஒரு ஆய்வின்போது வந்திருந்த அலுவலர் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஈர எடைப் பதிவுக்கும், காயும் அறைக்குள் போன எடைக்கும் பொருந்தவில்லை. தம் குறிப்பேட்டில் எடை வேறுபாடு என்று எழுதினார். எங்கள் மேலாளர் தண்டுப் பதிவேட்டை எடுத்துவந்து காட்டினார். அந்தத் தொகுதியில் தடித்த தண்டுகளை முன்பே நறுக்கி எடுத்திருந்தார்கள். எடை அங்கே இருந்தது. அலுவலர் கணிப்பானில் கூட்டிப் பார்த்தார், மறுபடியும் கூட்டினார். பிறகு தாம் எழுதிய வரியின் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தம் சுருக்கொப்பமும் தேதியும் போட்டார். அடித்த வரியைப் படிக்க முடிந்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் நாங்கள் ஒரு எண்ணைத் திருத்தினாலும் இதே ஒழுங்குதான், மை பூசி மறைக்கக் கூடாது. ஆய்வு முடிந்த பிறகு கண்டறிந்த குறைகளைத் தீவிரத்துக்குத் தக்கபடி வகைப்படுத்தி எழுதிய அறிக்கை எங்கள் கைக்கு வந்தது. அதற்குப் பதில் எழுத எங்களுக்கு அவகாசமும் இருந்தது.

இந்த ஒரு காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பா நினைவுதான் வரும். அவர் பனையேறி. பங்குனி பிறந்தால் விடியுமுன் மரத்தில் இருப்பார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பதநீருக்குத் தடையில்லை. இரண்டும் ஒரே பாளையிலிருந்து வடிவதுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். தொழிலைக் காப்பதும் தொழில்காரனைக் குற்றவாளி ஆக்குவதும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான். அதிலும் அளவு உண்டு. சுண்ணாம்பு கூடிவிட்டால் கருப்பட்டி சரியாக வராது, குறைந்தால் வெயில் ஏறும்போது புளித்துவிடும். கனடாவின் உரிமக் கூடத்துக்கும் சாயல்குடிப் பனங்காட்டுக்கும் வேறு எதிலும் ஒற்றுமை இல்லை. ஒரே செடியிலிருந்தோ மரத்திலிருந்தோ வரும் பொருளை, ஒரு அளவுக்கு இந்தப் பக்கம் அனுமதித்து அந்தப் பக்கம் தண்டிப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றே.

ஒரு பருவத்தில் சோதனைக்கு வந்தவர்கள் சித்தப்பா இறக்கிவைத்திருந்த கலயங்களை மோந்து பார்த்தார்கள். புளித்த வாடை அடிக்கிறது என்றார்கள். சுண்ணாம்பு தெரிகிறதே என்று அவர் கலயத்தைச் சாய்த்துக் காட்டினார். கேட்கவில்லை. எல்லாவற்றையும் மரத்தடியிலேயே போட்டு உடைத்துவிட்டுப் போனார்கள். மாதிரி எடுக்கவில்லை, வழக்கும் போடவில்லை. எழுத்தில் ஒரு வரி இல்லை. வழக்குப் போட்டிருந்தாலாவது நீதிமன்றத்தில் நின்று, என் கலயத்தில் சுண்ணாம்பு இருந்தது என்று சொல்லியிருக்கலாம் என்பார். அன்றைய பதநீரும் போய், கலயமும் போய், கருப்பட்டி காய்ச்சக் காத்திருந்த சித்தியின் அடுப்பும் அணைந்தது. "இத்தனை காலம் மரம் ஏறிவிட்டேன் ஆத்தா, வந்தவர் ஒருவரும் கையில் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்ததில்லை" என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

சீட்டு இல்லாத சட்டம் எளியவனைத்தான் வதைக்கும் என்று நினைக்கலாம். குற்றவாளியையும் அது தப்பவிடும். சென்னை மெரினாவில் 22 கிலோ கஞ்சாவோடு இருவரைப் பிடித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது 50 கிராம் மாதிரி மட்டும். மீதியை எலிகள் தின்றுவிட்டன என்றது காவல்துறை. 2023-இல் இருவரும் விடுதலையானார்கள். உரிமம் பெற்ற ஒரு கூடத்தில் 22 கிலோ காணவில்லை என்று நாங்கள் எலியைக் காரணம் சொல்லியிருந்தால், அன்று மாலைக்குள் கதவுக்கு முத்திரை விழுந்திருக்கும். எங்கள் கரையில் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் சரக்கு எடைபோடப்படும் நேரம், படம் எடுக்கப்படும் நேரம், கிடங்கில் வைக்கப்படும் நேரம், எரிக்கப்படும் நேரம் ஆகிய நான்கும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் 52ஏ பிரிவு அதைத்தான் கேட்கிறது. பறிமுதலானதைப் பட்டியலிட்டு, நீதித்துறை நடுவர் முன்னிலையில் படமும் மாதிரியும் எடுத்துச் சான்று பெற வேண்டும். 2022-இல் அதற்கென்று தனி விதிகளும் வந்துவிட்டன. கடத்தலை ஒடுக்க வேண்டும் என்று உரக்கப் பேசுபவர்கள், காவல் நிலையக் கிடங்கில் ஒழுங்கான தராசும் ஈரம் புகாத அலமாரியும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்க வேண்டும். படகை விரட்டுவது படத்தோடு செய்தியாகிறது. வழக்கு நிற்பது தராசில்தான்.

இந்தியாவில் கஞ்சாச் செடிக்கு உரிமமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 'கஞ்சா' என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனியைக் குறிக்கும். நுனி சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. வட மாநிலங்களில் கஞ்சா இலையில் செய்யும் 'பாங்கு' விற்கும், அரசு அனுமதித்த கடைகள் நடப்பது இந்த இடைவெளியில்தான். 10-ஆவது பிரிவு மாநில அரசுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. நாருக்கும் விதைக்கும் பயிரிட 14-ஆவது பிரிவு வழிவிடுகிறது. அதைப் பயன்படுத்தி 2018-இல் உத்தராகண்ட் தொழிற்பயிராக வளர்க்க உரிமம் தரத் தொடங்கியது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விதையையும், விதை எண்ணெயையும், விதை மாவையும் உணவாக ஏற்றுக்கொண்டு அளவு வகுத்தது. விதை முளைக்கும் தன்மை இல்லாததாக இருக்க வேண்டும், போதைப் பொருளான டிஎச்சி ஒரு கிலோ விதையில் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சித்த மருந்துக்கு வந்தால், மருந்து விதிகளின் இ(1) அட்டவணையில் அபினி, எட்டி ஆகியவற்றோடு கஞ்சாவும் நச்சுப் பொருள் பட்டியலில் இருக்கிறது. அது சேர்ந்த மருந்தின் குப்பியில் மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும்.

ஆக, கதவு இருக்கிறது. அதன் வழியாக யார் நுழைய முடியும் என்பதுதான் என் கவலை.

உத்தராகண்டின் எல்லை 0.3 சதவீத டிஎச்சி. மலைச் சரிவில் தானாக விளைந்துவந்த நாட்டுச் செடிகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடுகின்றன. அங்கே உழவர்கள் தடுமாறியதற்கு இது பெரிய காரணம். இந்த எண்ணைக் கண்டுபிடிப்பதிலும் நுணுக்கம் உண்டு. பச்சைச் செடியில் டிஎச்சி பெரும்பாலும் அமில வடிவில் இருக்கும். சூடுபட்டால்தான் போதை தரும் வடிவுக்கு மாறும். ஆய்வுக்கூடம் அமிலத்தின் அளவை 0.877 ஆல் பெருக்கி, ஏற்கெனவே மாறியிருப்பதோடு கூட்டி, மொத்த டிஎச்சி என்று எழுதுகிறது. பூ முதிர முதிர அந்த எண் ஏறும். இரண்டு வாரம் முன்னால் மாதிரி எடுத்தால் தேறும் செடி, இரண்டு வாரம் கழித்து எடுத்தால் தோற்கலாம். செடியின் உச்சியில் எடுத்ததற்கும் அடிக்கிளையில் எடுத்ததற்கும் ஒரே எண் வராது. எந்த நாளில், எந்தக் கிளையில், யார் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்று விதியில் எழுதாமல் 0.3 என்று மட்டும் எழுதினால், உழவனின் தலைவிதி மாதிரி எடுப்பவரின் கையில்தான். என் சித்தப்பாவின் கலயம் எவரோ ஒருவரின் மூக்கை நம்பி இருந்ததுபோல.

செலவு அடுத்த சுவர். கனடாவிலேயே முதலில் விதிகள் பெரிய முதலீட்டாளர்களின் தோளுக்கு ஏற்றபடிதான் இருந்தன. சிறு பயிராளர் உரிமம் என்று ஒன்று இருந்தது, ஆனால் செடிப் பரப்பு 200 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. காய்ந்த பூவுக்கு ஒரு கிராமுக்கு ஒரு டாலர் அல்லது விலையில் பத்து சதவீதம், இரண்டில் எது கூடுதலோ அதுவே ஆயத்தீர்வை. பூவின் விலை சரிந்த பிறகும் அந்த ஒரு டாலர் சரியவில்லை. பல சிறு நிறுவனங்கள் கணக்கை மிகச் சரியாக எழுதிக்கொண்டே மூழ்கின. 2025 மார்ச்சில்தான் பரப்பை 800 சதுர மீட்டராக உயர்த்தினார்கள், பதிவேட்டுச் சுமையும் கொஞ்சம் குறைந்தது. அக்கரையில் இலங்கை அரசு 2025-இல் ஏற்றுமதிக்காக மட்டும் மருத்துவக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. இடம் மீரிகம. மன்னார்க் கரையில் மூட்டையோடு அகப்படுகிறவன் சிறைக்குப் போவான், அதே நாட்டில் வேலி போட்ட நிலத்தில் அதே செடி டாலர் ஈட்டும். இதில் சட்டப்படி முரண்பாடு எதுவும் இல்லை, உரிமம் என்றால் அப்படித்தான். உரிமத்தின் விலையைக் கோடிகளில் வைத்தால் கோடி உள்ளவர் மட்டுமே சட்டத்துக்குள் வர முடியும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

எங்கள் கரையில் கஞ்சா பயிரிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்த உப்பு மண்ணுக்கும் எங்கள் பையன்களுக்கும் அது வேண்டாம். கடலோர வீடுகளில் அதற்கு அடிமையான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்களின் தாய்மார்களோடு பேசியிருக்கிறேன். கனடாவில் ஒவ்வொரு பொட்டலத்திலும் நாங்கள் ஒட்டிய மஞ்சள் எச்சரிக்கை வெறும் சடங்கு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நாட்டில் ஏதோ ஒரு மூலையில் நாருக்கோ விதைக்கோ சித்த மருந்துக்கோ உரிமம் கொடுக்கப்படும்போது, அந்த விதிகளை எழுதுபவர்கள் சோதிக்க வருபவரையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இதே ஒழுங்கு பனைக்கும் வர வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதற்கு வெளிநாட்டுச் சட்டத்தை இறக்குமதி செய்யத் தேவையில்லை. நம் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவைப் பாருங்கள். அலுவலர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு மேலதிகாரிக்கு. நான்காவது பங்கை, தொழில் நடத்துபவர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எழுதியவரின் எண்ணை மறுத்துப் பேச எளியவனுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அந்த நான்காவது பங்கு. மலையில் நிற்கும் செடிக்கும் சாயல்குடியில் இறங்கும் கலயத்துக்கும் அதைப் பொருந்தச் செய்வதில் என்ன தடை என்று எனக்குத் தெரியவில்லை. உடைப்பதற்கு முன் மாதிரி, மாதிரிக்கு எடைச் சீட்டு, சீட்டில் இருவர் கையெழுத்து, ஒரு பிரதி மரத்தடியில் நிற்பவன் கையில். அதோடு கெடுவும் வேண்டும். பங்குனியில் எடுத்த மாதிரிக்கு ஆடியில் அறிக்கை வந்தால் பருவமே முடிந்துபோயிருக்கும். உணவுச் சட்டம் பகுப்பாய்வாளருக்கு 14 நாள் கெடு வைத்திருக்கிறது. அந்தப் 14 நாளையும் சேர்த்தே கேட்கிறேன்.